நாணயமா, தபால்தலையா: நடுவில் விடாத சேகரிப்புக்கு எதைத் தொடங்குவது?

தம்பி மகள் போன மாதம் என்னிடம் கேட்டாள்: "பெரியப்பா, காசு சேர்க்கட்டுமா, ஸ்டாம்ப் சேர்க்கட்டுமா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. ஆனா நடுவுல விடற மாதிரி இருக்கக் கூடாது."

கடைசியில் சொன்னதுதான் என்னை யோசிக்க வைத்தது. எது அழகு, எது மலிவு, எது பின்னால் நல்ல விலைக்குப் போகும் என்று கேட்டிருந்தால் உடனே ஏதாவது சொல்லியிருப்பேன். நடுவில் விடாமல் இருக்க எது உதவும் என்பது வேறு கேள்வி.

இரண்டையும் 40 வருடங்களாகச் சேர்க்கிறேன். இத்தனை காலத்தில், ஆசையாகத் தொடங்கிப் பாதியில் விட்டவர்கள் பலரைப் பார்த்துவிட்டேன். பணம் இல்லாமல் விட்டவர்கள் குறைவு. புதிதாக எதுவும் வராத மாதங்களில் கையில் இருப்பதை வைத்து என்ன செய்வது என்று தெரியாமல் விட்டவர்கள்தான் அதிகம். வாங்குவது மட்டுமே பொழுதுபோக்காகிவிட்டால் வாங்காத நாளில் ஆல்பத்தைத் திறக்கவே தோன்றாது. அதனால் நாணயத்தையும் தபால்தலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்போது நான் பார்ப்பது இதைத்தான்: ஆறு மாதம் புதுசாக ஒன்றும் கிடைக்கவில்லை என்றால், இருப்பதே உங்களை மேசைக்கு இழுக்குமா?

அதற்கு முன்னால், முதலில் கைக்கு எது வரும் என்பதைப் பார்த்துவிடலாம்.

கைக்கு வருவதும் தேடிப் போவதும்

சில்லறை வாங்கும் எவருக்கும் நாணயச் சேகரிப்பு பாதி தொடங்கிவிட்ட மாதிரிதான். யூரோ புழங்கும் நாட்டில் இருப்பவர் சட்டைப்பையைத் துழாவினாலே போதும். 2002-இல் புழக்கத்துக்கு வந்த யூரோ நாணயங்களில் 8 மதிப்புகள் உண்டு. ஒரு பக்கம் எல்லா நாட்டுக்கும் பொது, மறுபக்கம் அந்தந்த நாட்டுக்குரியது. அயர்லாந்தின் யாழும் ஆஸ்திரியாவின் மொசார்ட்டும் ஒரே கல்லாவுக்குள் கிடப்பார்கள். 2004 முதல் 2 யூரோவில் நினைவு வெளியீடுகளும் வருகின்றன. அமெரிக்காவில் 1999 முதல் 2008 வரை ஆண்டுக்கு 5 வீதம் 50 மாநிலங்களுக்கும் கால் டாலர் நாணயம் வெளியிட்டார்கள். பத்து வருடம் பொறுமையாகச் சில்லறையைத் திருப்பிப் பார்த்தவருக்கு முழு செட்டும் முகமதிப்பிலேயே கிடைத்தது. ஆர்வம் போய்விட்டாலும் கவலை இல்லை, அந்த நாணயத்தைக் கடையில் கொடுத்து செலவழித்துவிடலாம். ஒட்டிக் கிழித்த தபால்தலையை அப்படி எதுவும் செய்ய முடியாது.

தபால்தலையை நாம்தான் தேடிப் போக வேண்டும். முன்பு வாசலுக்கு வந்த கவரிலிருந்து கிழித்தே ஒரு ஆல்பம் நிரப்பினோம். இப்போது வரும் கவர்களில் பெரும்பாலும் அச்சடித்த பட்டைக்குறியீடுதான் இருக்கிறது. டென்மார்க்கில் போஸ்ட்நோர்ட் என்ற அஞ்சல் நிறுவனம் 2025 முடிவோடு கடிதப் பட்டுவாடாவையே நிறுத்திவிட்டது. இதைப் படித்த அன்று எனக்கு மனசு கொஞ்சம் பாரமாகத்தான் இருந்தது.

ஆனால் குறைந்துகொண்டே வருவது புதுசுதான். பழசு மலை மாதிரி குவிந்திருக்கிறது. 1840-இல் பிரிட்டன் வெளியிட்ட உலகின் முதல் தபால்தலையான பென்னி பிளாக் கூடச் சுமார் 6.8 கோடி அச்சடிக்கப்பட்டது. எல்லாரும் பெயர் சொல்லும் தபால்தலை என்றாலும் அபூர்வமானது என்று சொல்ல முடியாது. நூறு வயது தாண்டிய எத்தனையோ தபால்தலைகளை, இன்று ஒரு கடிதம் அனுப்ப ஆகும் செலவைவிடக் குறைவாக வாங்கலாம். அதே வயது வெள்ளி நாணயத்துக்கு இந்தச் சலுகை கிடையாது. தேய்ந்து வழவழவென்று ஆகியிருந்தாலும் வெள்ளியின் விலைக்குக் கீழே அது இறங்காது.

ஆகவே இன்றே, செலவில்லாமல் தொடங்க வேண்டுமானால் நாணயம். கொஞ்சக் காசில் பழைய காலத்துக்குள் நுழைய வேண்டுமானால் தபால்தலை.

ஒரு தபால்தலையோடு ஒரு மாலை

என் ஆறு மாதக் கேள்விக்கு வருகிறேன். தபால்தலையில் வேலை இருக்கிறது. கையால் செய்கிற வேலை, கண்ணால் செய்கிற வேலை இரண்டும்.

கவரோடு இருக்கும் தபால்தலையைச் சுற்றிலும் ஒரு விரல் அகலம் விட்டுக் கத்தரியுங்கள். தபால்தலையின் ஓரத்துப் பற்களில் கத்தரி படக் கூடாது. அகலமான தட்டில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, படம் மேலே இருக்கும்படி மிதக்க விடுங்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் கோந்து இளகும். அவசரப்பட்டு உரிக்கக் கூடாது. காகிதத்தின் மேல் தபால்தலை லேசாக நகர ஆரம்பிக்கும், பிறகு தானே நழுவி வரும். பின்பக்கத்தை விரல் நுனியால் தொட்டுப் பாருங்கள். வழுக்கினால் கோந்து மிச்சம் இருக்கிறது, இன்னொரு தண்ணீரில் அலசுங்கள். அப்புறம் டாங்ஸ் என்ற சின்ன இடுக்கியால் எடுத்து, படம் கீழே இருக்கும்படி மை ஒற்றும் தாளில் பரப்புங்கள். ஈரம் போனதும் கனமான புத்தகத்துக்குள் வையுங்கள். மறுநாள் காலை திறந்தால் தட்டையாக, சுத்தமாக, அச்சகத்திலிருந்து வந்த மாதிரி இருக்கும். 40 வருடம் கழித்தும் அந்தப் புத்தகத்தைத் திறக்கும்போது எனக்கு ஆசை குறையவில்லை.

சிவப்பு, பச்சை என்று அடர்நிறக் கவராக இருந்தால் சாயம் இறங்கித் தபால்தலையில் ஏறிவிடும். அதைத் தனியாக, குளிர்ந்த தண்ணீரில் போட வேண்டும். ஸ்டிக்கர் மாதிரி உரித்து ஒட்டும் இன்றையவை பலவும் தண்ணீருக்கு அசையாது. அவற்றைக் காகித ஓரத்தோடு அப்படியே வைத்துக்கொள்வதுதான் நல்லது.

அடுத்தது கண்ணுக்கு. ஓரத்துப் பற்களை அளக்க ஒரு அளவுகோல் உண்டு. 2 சென்டிமீட்டர் நீளத்தில் எத்தனை துளை என்பதுதான் கணக்கு. ஒரே படம், ஒரே நிறம், ஒரே மதிப்பு. ஆனால் ஒன்றில் 12 துளை, இன்னொன்றில் 14. இரண்டும் வெவ்வேறு அச்சடிப்பு. சில சமயம் ஒன்று சாதாரணம், மற்றது கிடைத்தற்கரியது. பின்பக்கத்தைக் கறுப்புத் தட்டில் வைத்துப் பார்த்தால் காகிதத்துக்குள் இருக்கும் நீர்க்குறி தெரியும். பூதக்கண்ணாடி வைத்தால் அச்சடித்த முறையே பிடிபடும். முழுக்கப் புள்ளி புள்ளியாக இருந்தால் ஆஃப்செட். நுணுக்கமான கோடுகளாக இருந்து, மை தாளிலிருந்து லேசாக மேடிட்டிருந்தால், உலோகத் தகட்டில் கையால் செதுக்கி அச்சடித்தது. போலந்தில் பிறந்து ஸ்வீடனில் வேலை செய்த செஸ்வாஃப் ஸ்வானியா என்ற செதுக்குக் கலைஞர் இப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட தபால்தலைகளைச் செய்தார். அவருடைய ஆயிரமாவதை 2000-இல் ஸ்வீடன் வெளியிட்டது. அவர் செதுக்கிய ஒரு முகத்தில் கன்னத்து நிழல் எப்படி வெறும் கோடுகளால் வந்தது என்று பார்த்துக்கொண்டே ஒரு மணி நேரம் போயிருக்கிறது எனக்கு.

தபாலகம் குத்தும் முத்திரையையும் சொல்ல வேண்டும். எந்த ஊர், எந்தத் தேதி என்று படித்துப் பழகினால் ஒவ்வொரு தபால்தலையும் ஒரு பயணச்சீட்டு ஆகிவிடும். ஆரம்பத்தில் எனக்கு யாரும் சொல்லித் தராத ஒன்று: முத்திரை குத்தியிருக்கும், ஆனால் திருப்பிப் பார்த்தால் கோந்து அப்படியே இருக்கும். மூலையில் அழகாகக் கால்வட்ட முத்திரை. அது எந்தக் கடிதத்திலும் ஒட்டப்பட்டதே இல்லை. சேகரிப்பாளர்களுக்கு மொத்தமாக விற்பதற்காக அச்சகத்திலேயே முத்திரை போட்டு அனுப்பியது. படம் பார்க்கச் சிறுவர்களுக்கு அது போதும். ஆனால் பயணம் போன தபால்தலைக்கும் அதற்கும் என்ன வித்தியாசம் என்பது ஒருமுறை தெரிந்துவிட்டால் வாங்கும்போதெல்லாம் பின்பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பீர்கள்.

பென்னி பிளாக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். கறுப்புத் தபால்தலை, அதன் மேல் சிவப்பு முத்திரை. சிவப்பு மையை அழித்துவிட்டு மறுபடி ஒட்ட முடியும் என்ற சந்தேகம் சீக்கிரமே வந்தது. 1841-இல் தபால்தலையைச் செம்பழுப்பாக மாற்றி, முத்திரையைக் கறுப்பாக்கினார்கள். ஒரு வருடத்துக்குள் நடந்த இந்த நிறமாற்றத்துக்குப் பின்னால் ஒரு நிர்வாகத்தின் தலைவலி முழுக்க இருக்கிறது. அன்று தொடங்கிய இன்னொரு வழக்கம் இன்றும் மாறவில்லை: பிரிட்டன் தன் தபால்தலையில் நாட்டின் பெயரைப் போடுவதில்லை, ஆள்பவரின் தலை உருவம் இருந்தால் போதும். வேறு சில நாடுகள் நமக்குப் பழகாத பெயரைப் போடும்: ஸ்விட்சர்லாந்து 'ஹெல்வெட்டியா' என்று போடும், ஃபின்லாந்து 'சுவோமி' என்று போடும், ஹங்கேரி 'மாஜர்' என்று போடும். பத்து வயதில் இந்தப் பெயர்களை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்த சந்தோஷம் வேறு எதிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

நாணயம் தரும் சுகம் வேறு

தபால்தலை ஒரு முறை வேலை செய்து ஓய்ந்துவிடும். நாணயம் ஆயிரம் கை மாறி வந்தது. அந்தக் கனமும் குளிர்ச்சியும் உள்ளங்கையில் படும்போது வரும் நெருக்கத்தைத் தபால்தலை தராது. கை வைக்கவே கூடாத பொருள் அது, எப்போதும் டாங்ஸ்தான்.

காலத்தின் ஆழத்திலும் நாணயம்தான் முன்னால். தபால்தலையின் வரலாறு 1840-இல் தொடங்குகிறது. நாணயமோ கி.மு. 7-ஆம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதியில் இருந்த லிடியா நாட்டில் தங்கமும் வெள்ளியும் கலந்த சிறு கட்டிகளிலிருந்து வருகிறது. 2,600 வருடம். அரசர்கள், கடவுள்கள், வழக்கொழிந்த எழுத்துகள் எல்லாம் அதில் உண்டு. பழைய எழுத்தைப் படிக்கும் ஆசை உள்ளவருக்கு நாணயத்தைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. ஆனால் இதுவே சுமையாகவும் ஆகலாம். இத்தாலியின் அரசராக இருந்த மூன்றாம் விக்டர் இம்மானுவேல் சிறுவயது முதல் நாணயம் சேர்த்தவர். இத்தாலிய நாணயங்களை மட்டுமே எடுத்துக்கொண்டு, 1910 முதல் 20 தொகுதிகளாகப் பட்டியல் வெளியிட்டார். ஒரே நாட்டுக்கு 20 தொகுதி! எல்லாவற்றையும் சேர்த்து முடித்துவிடலாம் என்ற எண்ணம் நாணயத்தில் வேலைக்காகாது. தபால்தலையில், சின்ன நாடு ஒன்றை எடுத்துக்கொண்டால், ஒரு வாழ்நாளுக்குள் முழுமைக்குப் பக்கத்தில் போய்விடலாம்.

பார்ப்பதற்கு நாணயத்திலும் நிறைய இருக்கிறது. விளக்கை நேர் மேலே வைக்காமல் பக்கவாட்டில் தாழ்த்தி வையுங்கள். ஓரத்தைப் பிடித்து மெதுவாகச் சாயுங்கள். தேய்ந்து காணாமல் போனது என்று நினைத்த ஆண்டு, நிழலாக எழுந்து வரும். முதலில் ஒரு எண் தெரியும், இன்னும் கொஞ்சம் சாய்த்தால் அடுத்தது. உருவத்தில் முதலில் தேய்வது உயர்ந்த இடங்கள்: கன்னம், காதுக்கு மேல் உள்ள முடி. அந்த இழைகள் இன்னும் தனித்தனியாகத் தெரிந்தால் அதிகம் புழங்காத நாணயம். தரத்தை 1 முதல் 70 வரை எண்ணால் சொல்லும் முறை இந்தத் தேய்மானத்தை அடிப்படையாகக் கொண்டதுதான்.

எந்த நாணயச்சாலையில் அடித்தது என்பதற்கும் குறி உண்டு. இந்திய நாணயத்தில் ஆண்டுக்குக் கீழே வைரம் இருந்தால் மும்பை, நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத், புள்ளி என்றால் நொய்டா, எதுவுமே இல்லை என்றால் கொல்கத்தா. ஜெர்மனியில் எழுத்து: ஏ என்றால் பெர்லின், ஜே என்றால் ஹாம்பர்க். ஒரு சின்னக் காந்தம் வைத்திருந்தால் இன்னும் கொஞ்சம் தெரியும். பிரிட்டனின் 1 பென்னி பார்க்க எப்போதும் செம்புதான், ஆனால் 1992 முதல் உள்ளே இரும்பு. பழையது காந்தத்தில் ஒட்டாது, புதியது ஒட்டும். வெள்ளி என்று சொல்லி விற்கும் நாணயம் காந்தத்தில் ஒட்டினால் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். ஒட்டாவிட்டாலும் எடையைப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

ஆண்டைப் பார்த்து ஏமாறுவதும் நாணயத்தில்தான் நடக்கும். ஆஸ்திரியாவை ஆண்ட மரியா தெரேசாவின் வெள்ளி நாணயத்தில் 1780 என்று போட்டிருக்கும். அவர் இறந்த ஆண்டு அது. வணிகர்கள் அந்த நாணயத்தை மட்டுமே நம்பியதால், அதே 1780-ஐப் போட்டு இருபதாம் நூற்றாண்டிலும் அடித்துக்கொண்டே இருந்தார்கள். அதனால் 1780 என்று படித்தவுடன் 18-ஆம் நூற்றாண்டு என்று எழுதிவிடக் கூடாது.

மண்ணில் கிடைத்த பழங்காசு என்று சொல்லி விற்பதிலும் எச்சரிக்கை வேண்டும். புதையலாகக் கிடைப்பவை பற்றிப் பல நாடுகளில் கடுமையான சட்டம் உண்டு. எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாதவரிடம் வாங்க வேண்டாம்.

கெடுத்த கதைகள்

ஒவ்வொன்றிலும் ஒன்றைக் கெடுத்திருக்கிறேன். இரண்டையும் சொன்னால்தான் ஒப்பீடு சரியாக இருக்கும்.

பதினொரு வயதில், கைக்கு வந்த தபால்தலைகளை எல்லாம் கோடு போட்ட நோட்டில் பசை தடவி அழுந்த ஒட்டினேன். நாடு வாரியாக, வரிசையாக. பல வருடம் கழித்து அவற்றை எடுக்கப் பார்த்தபோது நோட்டுத் தாளோடு சேர்ந்தே வந்தன. மையின் கோடுகள் பின்னால் ஊறியிருந்தன. பாதிக்கு மேல் கிழிந்தன. தபால்தலைக்கு, ஒட்டாமல் செருகி வைக்கும் ஸ்டாக் புக் வேண்டும், அல்லது பின்பக்கம் மட்டும் தொடும் ஹிஞ்ச் என்ற சின்னக் காகிதத் துண்டு வேண்டும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

நாணயத்தில் நடந்தது இன்னும் மோசம். ஒரு செம்புக் காசு, நூறு வருடத்துக்கு மேல் பழையது. சாக்லேட் நிறத்தில், ஒரே சீராகக் கறுத்திருந்தது. பளபளவென்று ஆக்கிக் காட்ட வேண்டும் என்று பற்பசையும் பழைய பிரஷ்ஷும் எடுத்தேன். அஞ்சு நிமிடத்தில் ஆரஞ்சு நிறத்தில் மின்னியது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் முகம் முழுக்க மெல்லிய கீறல்கள். அந்தக் கறுப்பு அழுக்கில்லை, நூறு வருடம் எடுத்துத் தன் மேல் தானே போர்த்திக்கொண்ட பாதுகாப்பு. அது திரும்பி வராது. அந்தக் காசை இன்னும் வைத்திருக்கிறேன், யார் நாணயம் சேர்க்கத் தொடங்கினாலும் முதலில் அதைத்தான் காட்டுகிறேன். நாணயத்தைத் தேய்க்காதீர்கள். பாலீஷ் போடாதீர்கள். மண் ஒட்டியிருந்தால் வெறும் தண்ணீரில் ஊறவைத்து, ஒற்றி எடுத்தால் போதும்.

பொதுவாக, அலட்சியத்தைத் தாங்குவது நாணயம்தான். டப்பாவில் போட்டு மறந்துவிட்டால்கூடப் பெரும்பாலானவை பிழைத்துக்கொள்ளும். தபால்தலை பிழைக்காது. ஈரக்காற்று அதற்கு எமன். கோந்தோடு இருப்பவை பக்கத்தோடு ஒட்டிக்கொள்ளும், தாளில் பழுப்புப் புள்ளிகள் விழும், வெயில் பட்டால் நிறம் வெளுக்கும். ஸ்டாக் புக்கைப் படுக்க வைத்து மேலே மேலே அடுக்காமல், அலமாரியில் நிற்க வைக்க வேண்டும். மாதம் ஒரு முறை பக்கங்களைப் புரட்டிக் காற்றாட விட வேண்டும்.

நாணயத்துக்கும் எதிரிகள் உண்டு. மென்மையாக வளையும், புதுப் பிளாஸ்டிக் வாசனை அடிக்கும் பிவிசி உறைகளில் வைத்தால் சில வருடத்தில் பச்சையாகப் பிசுபிசுக்கும். பாலியெஸ்டர் உறையோ கடினமான கேப்சூலோ வாங்குங்கள். வெள்ளி நாணயத்தை ரப்பர் பேண்டால் கட்டி வைத்தால் அதிலுள்ள கந்தகம் கறுப்புக் கோடு போட்டுவிடும்.

இன்னொன்று எடை. 1 யூரோ நாணயம் 7.5 கிராம். ஆயிரம் சேர்ந்தால் ஏழரைக் கிலோ. ஆயிரம் தபால்தலை ஒரு மெல்லிய புத்தகத்துக்குள் அடங்கும். அடிக்கடி வீடு மாறுகிறவர்கள் இதை இப்போதே யோசிக்க வேண்டும். பரிமாற்றத்துக்கும் இதே கணக்குதான். டூப்ளிகேட் தபால்தலைகளை ஒரு கவரில் போட்டு உலகின் எந்த மூலைக்கும் அனுப்பலாம். நாணயத்தைச் சாதாரணக் கடிதத்துக்குள் வைத்து அனுப்பப் பல நாடுகளில் அனுமதி இல்லை. முகம் பார்க்காமலே 30 வருடமாகத் தபால்தலை மாற்றிக்கொள்ளும் நண்பர் எனக்கு இருக்கிறார். நாணயத்தில் அப்படி ஒருவர் அமையவில்லை.

விலை ஏறுமா?

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1856-இல் பிரிட்டிஷ் கயானாவில் வந்த 1 சென்ட் மெஜந்தா தபால்தலை உலகில் ஒன்றுதான் இருக்கிறது. 1873-இல் அதைக் கண்டெடுத்த 12 வயதுச் சிறுவன் 6 ஷில்லிங்குக்கு விற்றான். 2014-இல் அது சுமார் 95 லட்சம் டாலருக்குப் போனது. வாங்கியவரிடம் 1933-ஆம் ஆண்டின் 20 டாலர் தங்க நாணயம் ஒன்றும் இருந்தது. அடித்து முடித்தும் புழக்கத்துக்கு விடாமல் உருக்கப்பட்ட வரிசையில் தப்பியது. 2002-இல் சுமார் 76 லட்சம் டாலருக்கு ஏலம் போயிருந்தது. 2021-இல் ஒரே நாளில், ஒரே ஏலத்தில் இரண்டையும் விற்றார். நாணயம் சுமார் 1.89 கோடி டாலர். தபால்தலை சுமார் 83 லட்சம், வாங்கியதைவிடக் குறைவு.

இதை வைத்து நாணயம்தான் லாபம் என்று முடிவுகட்ட வேண்டாம். உலகிலேயே ஒன்றே ஒன்றாக இருந்தும் ஏழு வருடத்தில் விலை இறங்கியது என்றால், நாம் வாங்கும் சாதாரண செட்டுகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நகை வாங்குகிற மனசோடு இதற்குள் வந்தவர்கள் சீக்கிரமே ஏமாற்றத்தோடு போனதைப் பார்த்திருக்கிறேன். செலவழித்த பணம் செலவழித்ததுதான் என்று வைத்துக்கொண்டால் நிம்மதியாக ரசிக்கலாம்.

இரண்டையும் சேர்த்து ஒரு கதை

மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. நாணயம், தபால்தலை என்று பிரிக்காமல் ஒரு கதையை எடுத்துக்கொண்டு இரண்டிலும் அதைத் தேடுவது. எனக்கு இதில்தான் மனசு அதிகம் ஒட்டியது.

1923 ஜெர்மனியை எடுத்துக்கொள்ளுங்கள். பணவீக்கத்தில் மார்க்கின் மதிப்பு மணிக்கு மணி சரிந்த ஆண்டு. அந்த ஆண்டு அடித்த 200 மார்க், 500 மார்க் நாணயங்கள் அலுமினியத்தில் வந்தன. உள்ளங்கையில் வைத்தால் காகிதம் மாதிரி கனமே இருக்காது. தபால்தலையில் இன்னும் விரிவாகத் தெரியும். அச்சடித்து முடிப்பதற்குள் மதிப்பு போதாமல் போனதால், பழையதன் மேலேயே புது எண்ணை அடித்தார்கள். கடைசியில் 5,000 கோடி மார்க் தபால்தலை வரை போனது. இவை ஒரு ஆல்பத்தில் ஒரே பக்கத்தில் இருந்தால், புத்தகத்தில் இரண்டு அத்தியாயம் படித்தாலும் வராத ஒரு பதற்றம் நமக்கு வரும். புதுசாக, ஒட்டாமல் இருப்பவை மிக மலிவு. அந்த நாட்களில் நிஜமாகவே கடிதத்தில் போய் முத்திரை வாங்கியவைதான் பலவற்றில் விலை அதிகம், ஏனென்றால் அவை புழங்கிய காலம் அவ்வளவு குறைவு. அதனாலேயே போலி முத்திரையும் நிறைய. தபால்தலையைவிட முத்திரையைச் சோதிக்க வேண்டிய விசித்திரமான இடம் இது.

நாணயமும் தபால்தலையும் ஒன்றின் இடத்தை மற்றொன்று பிடித்த காலங்களும் உண்டு. 1862-இல், உள்நாட்டுப் போரின்போது அமெரிக்காவில் மக்கள் நாணயங்களைப் பதுக்கிவிட்டதால் சில்லறைக்குப் பதில் தபால்தலையைக் கொடுத்து வாங்கினார்கள். கோந்து கையில் ஒட்டியது, தாள் கிழிந்தது. ஜான் கால்ட் என்பவர் தபால்தலையை வட்டமான பித்தளைச் சட்டத்துக்குள் வைத்து, முன்னால் அபிரகத் தகடு பொருத்திக் காசு மாதிரி ஆக்கிக் காப்புரிமை வாங்கினார். முதல் உலகப்போரில் ரஷ்யா தபால்தலைப் படங்களைத் தடித்த அட்டையில் அச்சடித்து, இது வெள்ளிச் சில்லறைக்குச் சமம் என்று பின்னால் எழுதிப் புழங்கவிட்டது. 1963-இல் டோங்கா நாடு எதிர்த்திசையில் போனது. தன் தங்க நாணயங்களைக் கொண்டாட, நாணயம் மாதிரியே வட்டமாக, தங்க நிறத் தகட்டில் தபால்தலை வெளியிட்டது.

ஆனால் முதல் நாளே இப்படி இரண்டிலும் காலை வைக்க வேண்டாம். இரண்டுக்கும் பட்டியல், கருவி, பாதுகாப்பு எல்லாம் வேறு வேறு. ஒன்றில் ஒரு வருடம் கண் பழகிய பிறகு மற்றது எளிதாக வரும்.

அவளுக்கு நான் சொன்னது

தபால்தலை. என் ஆறு மாதக் கேள்விக்கு அதனிடம் பதில் அதிகம்: ஊறவைக்க, அளக்க, பிரிக்க, படிக்க, மாற்றிக்கொள்ள, மறுபடி அடுக்க. அவளுக்குப் பொறுமை இருக்கிறது, அறையும் உலர்ந்த அறை. சில்லறையில் வரும் நல்ல நாணயங்களை ஒரு சின்னப் பெட்டியில் போட்டு வைக்கச் சொன்னேன். அது பாட்டுக்கு இருக்கட்டும்.

நீங்கள் இருக்கும் இடம் ஈரமானது என்றாலோ, மாதக்கணக்கில் வீட்டை விட்டு வெளியே இருக்க வேண்டிய வேலை என்றாலோ நான் நாணயத்தைத்தான் சொல்வேன். பழைய எழுத்துகளிலும் அரசர்களிலும் ஆசை உள்ளவருக்கும் நாணயம்தான். கை நடுக்கம் வந்துவிட்ட பெரியவர்களுக்கு டாங்ஸ் பிடிப்பது சிரமம், ஓரத்தைப் பிடித்துத் தூக்கும் நாணயம் இதம். வீட்டில் எதையும் வாயில் போடும் வயதுக் குழந்தை இருந்தால் மட்டும் காசுப் பெட்டி உயரத்தில் இருக்க வேண்டும்.

முதல் வருடம் எல்லா நாட்டையும் சேர்க்கலாம், தப்பில்லை. கண் பழகுவது அப்படித்தான். இரண்டாம் வருடம் சுருக்கிக்கொள்ளுங்கள்: ஒரு நாட்டின் குறிப்பிட்ட காலம், அல்லது பறவை, கப்பல், பாலம் என்று ஒரு பொருள். எல்லாவற்றையும் சேர்ப்பவர் எதையும் கூர்ந்து பார்ப்பதில்லை.

வாங்க வேண்டியவை கொஞ்சம்தான். நுனி தட்டையான டாங்ஸ், கறுப்புப் பக்கமுள்ள ஒரு ஸ்டாக் புக், பத்து மடங்கு லென்ஸ், துளை அளவுகோல். விவரப்பட்டியலுக்கு ஸ்டான்லி கிப்பன்ஸ், ஸ்காட், மிஷெல் மூன்றில் எது நூலகத்தில் கிடைக்கிறதோ அது. நாணயம் என்றால் இணையத்தில் நுமிஸ்டா என்ற தளம். அச்சுப் பட்டியலின் பழைய பதிப்பே போதும், விலை மாறினாலும் விவரம் மாறாது.

அப்புறம் ஒரு நோட்டு. இதில் மட்டும் நான் அவளிடம் கண்டிப்பாக இருந்தேன். ஒவ்வொன்றும் வந்த தேதி, எங்கிருந்து, யார் கொடுத்தது, என்ன விலை, என்ன சந்தேகம் என்று அன்றன்றே எழுத வேண்டும். பின்னால் இதை வாங்கிக்கொள்பவருக்கு, அது பேரனோ யாரோ, பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று சொல்ல வேறு ஆள் இருக்க மாட்டார். என் பழைய நோட்டை அவளிடம் கொடுத்தேன், புரட்டிப் பார்த்தாள். முதல் பக்கத்தில் பென்சிலில் இப்படி இருக்கிறது: "கப்பல் படம். நீலம். மேலே இடது பக்கம் ஒரு பல் இல்லை. நாடு தெரியவில்லை." அடுத்த வரி வேறு மையில், ஆறு வருடம் கழித்து எழுதியது: "நாடு தெரிந்துவிட்டது."

எந்த நாடு என்று கேட்டாள். நான் சொல்லவில்லை. ஸ்டாக் புக்கையும் லென்ஸையும் அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன்.